எண்ணூறு

மழையை இரண்டால் பெருக்குங்கள் என்றார் அதிகாரி.
ஒக்காகராராவில் எங்களுக்கு ஆண்டுக்கு நானூறு மில்லிமீட்டர்,
அதுவும் வந்தால்.
ஆக, ஹெக்டேருக்கு எண்ணூறு மரம் நிற்கலாம்.
மிச்சத்தை வெட்டிவிடலாம்.

மிச்சம் எத்தனை என்று நான் கேட்கவில்லை.
போன செப்டம்பரில் பில்லைப் பசு வீடு திரும்பாதபோது
அதன் குரல் நாற்பது அடிக்குள் கேட்டது.
மூன்று நாள் கேட்டது.
புதரைச் சுற்றிச் சுற்றி வந்தேன்,
நுழைய ஓர் ஆள் அகலம் கிடைக்கவில்லை.
நான்காம் நாள் கேட்கவில்லை.
மிச்சத்துக்கு என்னிடம் உள்ள கணக்கு அது.

கருமுள்.
கொக்கி மாதிரி வளைந்து, இரண்டிரண்டாய்.
ஒன்று கவுனின் விளிம்பைப் பிடிக்கும்.
விடுவிக்கக் குனிந்தால்
மற்றது கையைப் பிடிக்கும்.

எங்கிருந்தோ வந்த செடி என்று பழிபோட வழியில்லை.
இங்கேயே பிறந்தது, எனக்கு முன்னால்.
புல்லும் தீயும் அதை முழங்காலுக்குக் கீழே வைத்திருந்தன.
தீ வந்தபோதெல்லாம் ஈரச் சாக்கால் அடித்து அணைத்து
அன்று இரவு அதைப் பெருமையாகப் பேசியவர்கள் நாங்கள்.
வறட்சி ஆண்டில் தங்கை வேமுனா சொன்னாள்:
முப்பதையாவது தள்ளிவிடு, அக்கா.
மாட்டை விற்றுவிட்டு
நான் யாராக நிற்பது என்றேன்.
முப்பதும் நின்றன,
புல்லை வேர்வரை கரண்டிக்கொண்டு.
பிறகு மழை வந்தது. தரை வெறுமையாகக் கிடந்தது.
வெறும் தரை, வந்ததை வாங்கிக்கொண்டது.

கவாங்கோவிலிருந்து ஹைங்குரா வந்தான்,
கோடரியோடும் ஒரு டப்பா வெள்ளைப் பெயின்டோடும்.
நிற்கப்போவதற்கு ஒரு பட்டை.
போகப்போவதற்கு ஒன்றும் வேண்டாம்.
தூக்கணாங்குருவிக் கூடு தொங்கியதையெல்லாம்
அவன் காப்பாற்றிக்கொண்டே போனான்.
கூட்டை மாடு தின்னுமா என்று கேட்டேன்.
நீங்கள் மட்டும் என்னவாம் என்று
நான் பட்டையடித்த ஒன்றைக் காட்டினான்:
கோணலாய், நோஞ்சானாய், நிழல்கூட விழாத ஒன்று.
அதனடியில் பில்லையின் எலும்புகள்
மடித்து வைத்ததுபோல் கிடந்தன.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவன் குனிந்து பார்த்தான்,
பட்டை சரியாக விழாத இடத்தில்
இன்னொரு முறை தீற்றினான்.

இரும்புச் சூளை இரவு பகலாய்ப் புகைந்தது.
கரியை அள்ளக் கொடுத்த பைகளில் ஒரு படம்:
பச்சைப் புல்தரை, அடுப்பு,
சிரிக்கும் குடும்பம், இறைச்சித் துண்டுகள்.
எழுத்து ஜெர்மன்.
அது எங்களுக்குப் புதிதில்லை,
வாட்டர்பெர்க் அடிவாரத்துக் கல்லறைகளில் படித்ததுதான்.
யார் வீட்டு மாட்டைச் சுடுவார்களோ.
நாங்கள் அணைத்த தீயெல்லாம்
மூட்டை கட்டி, லாரி ஏறி,
கப்பலுக்குப் போகிறது.

வெட்டியதோடு முடியவில்லை.
ஒரு தண்டு போன இடத்தில்
மழைக்குப் பின் ஏழு.
பதினொரு மாட்டை விற்று நாற்பது ஆடு வாங்கினேன்,
துளிரைக் கடிக்க.
நானா, ஆடா!
போனில் வேமுனா சிரித்து முடிக்கும்வரை
காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது கணுக்கால் அளவு புல்.
சீராக இல்லை, சில இடங்களில் இல்லவே இல்லை.

சாயங்காலம் மாடுகள் தொட்டிக்குத் தண்ணீருக்கு வரும்.
நடுவில் ஒன்றுமில்லை,
நேராக நடந்தால் பாதி நேரம்.
ஆனால் முன்னால் வரும் செவலை
இடப்பக்கம் ஒதுங்குகிறது,
பிறகு வலப்பக்கம்,
பிறகு தலையைத் தாழ்த்தி
இல்லாத ஒரு கிளைக்கடியில் நுழைகிறது.
பின்னால் வருபவை எல்லாம் அப்படியே.

அவற்றின் பின்னால் நான்,
கவுனின் விளிம்பை
இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி.